முதலாளியும் மேலாளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில், கிறிஸ்தவ வாழ்வில் தேவ அதிகாரத்துக்கு அடங்கி நடப்பதைப் பற்றி ஊழியர் ஒருவர் எழுதியிருந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை வாசித்தபோது பல இடங்களில் சரிதான் என்று தோன்றியது. இரண்டாம் முறை வாசித்தபோது அதன் பிற்பகுதியில் வந்த ஒரு கருத்து நெருடத் தொடங்கியது. தேவனுடைய அதிகாரம் இன்று ஊழியர்கள் வழியாகவே விசுவாசியிடம் வந்து சேர்கிறது என்றும், ஆகவே ஊழியரைக் கேள்வி கேட்கிறவர் தேவனையே கேள்வி கேட்கிறார் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. நான் இறையியல் படித்தவன் அல்லன். தேவகோட்டையில் எழுபது வயதைக் கடந்து வாழ்கிறவன். எங்கள் சபையில் பதினோரு ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன். அந்தப் பதினோரு ஆண்டுகளில் இதே கருத்தை நானும் என் வசதிக்காகப் பயன்படுத்தியிருக்கிறேன் என்பதால், இதை மறுத்து எழுதும் கடமை மற்றவர்களைவிட எனக்குக் கூடுதலாக இருப்பதாக நினைக்கிறேன்.

முதலில், கட்டுரையாளருடன் நான் ஒத்துப்போகும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அடங்குதல் என்ற சொல்லையே அவமானமாகக் கருதும் போக்கு இன்று இருக்கிறது. ஆனால் கிறிஸ்தவ வாழ்விலிருந்து அடங்குதலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இயேசுவைக் ‘கர்த்தர்’ என்று அழைக்கும்போதே நாம் அவருக்கு உடைமைப்பட்டவர்கள் என்று ஒப்புக்கொள்கிறோம். பரமண்டல ஜெபத்தில் அன்றாட அப்பத்தைக் கேட்பதற்கு முன்பாகவே ‘உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக’ என்று சொல்லிவிடுகிறோம். ‘தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள், பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்’ என்று யாக்கோபு எழுதியதில் எந்த மழுப்பலும் இல்லை. என் விருப்பம், என் பணம், என் கோபம், என் பிள்ளைகளைப் பற்றிய என் கனவு எல்லாவற்றின் மீதும் இன்னொருவருக்கு உரிமை உண்டு என்று ஏற்றுக்கொள்வது எளிதான காரியமன்று. அறுபது வருடம் கோயிலுக்குப் போனவனும் பலவேளைகளில் அதில் பாதி தூரத்தில்தான் நிற்கிறான்.

கட்டுரையாளர் ‘பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்’ என்ற வசனத்தை எடுத்துக்காட்டியிருந்தார். தீர்க்கதரிசி சாமுவேல் அரசன் சவுலிடம் சொன்ன அந்த வாக்கியத்தின் மறுபாதியை அவர் விட்டுவிட்டார். அது ‘ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்’ என்று முடிகிறது. கீழ்ப்படிதலும் செவிகொடுத்தலும் அங்கே ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்களாக நிற்கின்றன. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொல்லும் ‘கேட்டல்’ என்ற வேரிலிருந்தே பிறந்தது. இதை விளங்கிக்கொள்ளத் தமிழருக்கு அகராதி தேவையில்லை. பிள்ளை கீழ்ப்படிகிறான் என்பதை நாம் ‘சொன்ன பேச்சைக் கேட்கிறான்’ என்றுதான் சொல்கிறோம். அதே ‘கேள்’ என்ற வினைதான் ஐயம் கேட்பதற்கும் நியாயம் கேட்பதற்கும் நம் மொழியில் பயன்படுகிறது. சவுலின் கதையில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. முற்றிலும் அழிக்கும்படி கட்டளை பெற்றிருந்தும் அமலேக்கியரின் நல்ல ஆடுமாடுகளைத் தப்பவிட்டது ஏன் என்று சாமுவேல் நெருக்கியபோது, சவுல் கடைசியில் சொல்லும் வாக்குமூலம், ‘நான் ஜனங்களுக்குப் பயந்து, அவர்கள் சொல்லைக் கேட்டேன்’ என்பதே. வேதாகமத்தில் கீழ்ப்படியாமைக்குப் பேர்போன அந்த அரசன் யார் சொல்லையும் கேட்காததால் கெட்டவன் அல்லன். கேட்கத் தகாதவர்களின் சொல்லைக் கேட்டதால் கெட்டவன்.

அப்படியானால் ஊழியர்களுக்கும் மூப்பர்களுக்கும் அதிகாரமே இல்லையா என்ற கேள்வி எழும். இருக்கிறது. அது எத்தகையது என்பதை எனக்கு விளக்கியவர் என் தகப்பனார். அவர் இவ்வூரில் ஒரு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ‘கொண்டுவிக்க’, அதாவது கடல்கடந்து தொழில் நடத்த, நகரத்தார் போன காலம் அவருடைய இளமையிலேயே முடிந்துவிட்டது என்றாலும், பழைய பேரேடுகளும் கடிதக் கட்டுகளும் அந்த வீட்டு மாடியில் இருந்தன. அவற்றைத் தூசி தட்டி அடுக்கும் வேலையும் அவருடையதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீடு திரும்பும் வழியில், அன்றைய பிரசங்கத்தை அந்தப் பேரேடுகளின் மொழியில் எனக்குத் திருப்பிச் சொல்லுவார்.

முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடை இரங்கூனிலோ மோல்மீனிலோ பினாங்கிலோ இருக்கும். அந்தக் கடையை நடத்த மூன்று ஆண்டுத் தவணையில் ஒரு மேலாள் போவார். அவருக்கு முதலாளி முக்தியார் என்னும் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பார். அந்த முக்தியாரின் பலத்தால் மேலாள் கடன் கொடுக்கலாம், வசூலிக்கலாம், வழக்குப் போடலாம், நிலம்கூட வாங்கலாம். அவருக்குக் கீழே அடுத்தாள் உண்டு, பெட்டியடிப் பையன் உண்டு. அவர்கள் மேலாளின் சொல்லைத் தட்டக்கூடாது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அவரே முதலாளி போலத் தெரிவார். ஆனால் கடை இயங்குவது முதலாளியின் விலாசத்தில், அதாவது அவருடைய தொழிற்பெயரில். வரவும் செலவும் நிலுவையும் எழுதி, ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கைக் கட்டி, ஊருக்கு அனுப்ப வேண்டும். தவணை முடிந்ததும் நேரில் வந்து கணக்கை ஒப்படைக்க வேண்டும். ‘மேலாளுக்கு எவ்வளவு பெரிய அதிகாரம் இருக்கிறதோ, அவ்வளவு பெரிய ஐந்தொகை இருக்கிறது’ என்பார் என் தகப்பனார். அடுத்தாள் ஒருவன் பேரேட்டில் ஒரு தொகை இடிக்கிறது என்று சுட்டிக்காட்டினால், அதை முதலாளிக்குச் செய்த துரோகம் என்று எந்த மேலாளும் சொன்னதாக அவர் கேள்விப்பட்டதில்லை. அப்படிச் சொல்லும் மேலாளின் பெட்டியைத்தான் முதலில் திறந்து பார்ப்பார்களாம்.

இயேசு சொன்ன உவமைகளில் இப்படிப்பட்ட மேலாட்கள் பலர் வருகிறார்கள். லூக்கா 16ஆம் அதிகாரத்தில் ஐசுவரியவான் தன் உக்கிராணக்காரனைக் கூப்பிட்டு, ‘உன் உக்கிராணக் கணக்கை ஒப்புவி’ என்கிறான். எங்கள் பக்கத்தில் பெரிய வீடுகளின் பண்டசாலையை இன்றும் உக்கிராணம் என்றே சொல்வதால், சிறு வயதில் அந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெல்லும் புளியும் மணக்கும். 12ஆம் அதிகாரத்தில் வரும் ஊழியக்காரன், எஜமான் வரத் தாமதிக்கிறார் என்று எண்ணி, கீழே உள்ள வேலைக்காரரையும் வேலைக்காரிகளையும் அடிக்கத் தொடங்குகிறான். எஜமான் திரும்பி வந்தபோது தண்டனை பெற்றவன் அவன்தான், அடி வாங்கியவர்கள் அல்லர். ‘எவனிடத்தில் அதிகம் கொடுக்கப்படுகிறதோ அவனிடத்தில் அதிகம் கேட்கப்படும்’ என்ற புகழ்பெற்ற வாக்கியம் அங்கேதான் வருகிறது. நாம் அதை வசதி படைத்தவர்களின் தர்ம காரியத்துக்கு மேற்கோள் காட்டுகிறோம். அது முதலில் சொல்லப்பட்டது அதிகாரம் படைத்தவர்களுக்கு.

‘நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்’ என்ற வசனத்தையும் கட்டுரையாளர் எடுத்தாண்டிருந்தார். ஊழியர்களைப் பற்றி எவராவது முணுமுணுத்தால் மேடைகளிலிருந்து உடனே வந்து விழும் வசனம் இது. இதைச் சொல்லுகிறவர்கள் 105ஆம் சங்கீதத்தில் அதற்கு மேலே உள்ள வரிகளையும் சேர்த்து வாசித்தால் நலமாயிருக்கும். அந்த ‘அபிஷேகம்பண்ணினவர்கள்’ யார்? ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும். அவர்களைச் சங்கீதக்காரன், ‘கொஞ்சத் தொகைக்குட்பட்ட சொற்ப ஜனங்களும் பரதேசிகளுமாயிருந்தார்கள்’ என்கிறான். சொந்த நிலமில்லாமல் ஒரு நாட்டை விட்டு மறுநாட்டுக்கு அலைந்தவர்கள். ‘தொடாதிருங்கள்’ என்ற கட்டளை யாருக்கு? ‘அவர்கள் நிமித்தம் ராஜாக்களைக் கடிந்துகொண்டு’ சொல்லப்பட்டது அது. நாதியற்றவர்களை ஒடுக்க வேண்டாமென்று அதிகாரத்தில் இருப்பவர்களைத் தேவன் அதட்டிய சொல், இன்று அதிகாரத்தில் இருப்பவர்கள் நாதியற்றவர்களை அதட்டும் சொல்லாகிவிட்டது.

தன்னைக் கொல்லத் தேடிய சவுலைத் தாவீது கொல்லாமல் விட்டதையும் இதற்கு ஆதாரமாகச் சொல்வார்கள். உண்மைதான், கொல்லவில்லை. ஆனால் சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்துக்கொண்டு, கெபியிலிருந்து வெளியே வந்து, எல்லாரும் கேட்க அரசன் தனக்குச் செய்த அநியாயத்தைச் சொல்லி, ‘கர்த்தர் எனக்கும் உமக்கும் நடுநின்று நியாயம் விசாரிப்பாராக’ என்றும் சொன்னான். அதன் பிறகு அரண்மனைக்குத் திரும்பவுமில்லை. அந்தத் தாவீதே அரசனான பிறகு தவறியபோது, தீர்க்கதரிசி நாத்தான் அவன் முகத்துக்கு நேராக, ‘நீயே அந்த மனுஷன்’ என்றான்.

இனி என் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகை நடக்கும். பூசணிக்காயும் வாழைத்தாரும் நாட்டுக்கோழியும் முறுக்கு டின்னும் ஏலத்துக்கு வரும். பத்து ரூபாய்க் காய் ஆயிரம் ரூபாய்க்குப் போகும். கொடுக்கிறவர் யாரும் கணக்குப் பார்த்துக் கொடுப்பதில்லை. ஓர் ஆண்டில் அந்த ஏலப்பணத்தில் பெரும்பகுதியை ஆயர் குடியிருந்த வீட்டின் ஓட்டுக்கூரையைப் பழுதுபார்க்கச் செலவழித்தோம். செலவு நியாயமானதுதான், ஒரு ரூபாயும் யார் பைக்குள்ளும் போகவில்லை. ஆனால் குழுவில் தீர்மானம் எழுதவில்லை. கொத்தனாருக்கும் ஓடு வாங்கிய கடைக்கும் கொடுத்ததற்கு முறையான ரசீதும் இல்லை. ஆண்டுக் கூட்டத்தில், அப்போது பி.காம். படித்துக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் எழுந்து, ‘ஐயா, ஏல வரவு கணக்கில் எந்தத் தலைப்பில் வருகிறது?’ என்று மிகவும் மரியாதையாகக் கேட்டான்.

எனக்குப் பதில் தெரியும். பதில் சொல்லியிருந்தால் என் அசிரத்தை வெளியே வந்திருக்கும். ஆகவே எபிரெயர் நிருபத்தைத் திறந்து, ‘உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து அடங்குங்கள்’ என்று வாசித்துவிட்டு, ‘தம்பி, கணக்குக் கேட்க முன்னால் கீழ்ப்படியக் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்றேன். கூட்டத்தில் சிலர் ‘ஆமென்’ என்றார்கள். அவன் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவனுடைய தாயார் மட்டும் வழக்கம்போல வந்து பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டிருந்தார். எனக்கு எதிர்ப்படும்போதெல்லாம் ‘ஸ்தோத்திரம் அண்ணே’ என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

அந்த வசனத்தை நான் எப்படி வாசித்தேன் என்பதைச் சில ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன். எபிரெயர் 13ஆம் அதிகாரத்தின் 17ஆம் வசனம், நடத்துகிறவர்கள் ‘உங்கள் ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம்பண்ணுகிறவர்களாய் விழித்திருக்கிறவர்களானபடியால்’ அவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று காரணத்தோடு சொல்கிறது. உத்தரவாதம் என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்வது, கிரேக்க மூலத்தில் கணக்கு ஒப்புவிப்பதையே குறிக்கிறது. அதாவது, கணக்குக் கொடுக்கிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று எழுதியிருந்த வசனத்தை எடுத்து, கணக்குக் கேட்டவனின் வாயை அடைத்தேன். ஒரு கணக்குப்பிள்ளையின் மகன் செய்த காரியம் இது. எருசலேம் ஏழைகளுக்காகச் சபைகளில் பணம் திரட்டிய பவுல், அந்தப் பணத்தைத் தனியே எடுத்துச் செல்லாமல் சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் உடன் அழைத்துச் சென்றதற்கு, ‘கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்’ என்று காரணம் எழுதியிருக்கிறார். அப்போஸ்தலருக்கே தேவைப்பட்ட ரசீது எனக்குத் தேவைப்படவில்லை.

என் தவறால் ஒரு வாலிபன் மனம் நொந்தான். வேறோர் இடத்தில் இதே போதனை என் தங்கையின் உடம்பைத் தொட்டது. வெளியூரில் வாழ்க்கைப்பட்ட அவள், அங்கே ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய்வந்தாள். நீண்டகாலமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவளிடம், ‘சுகம் கொடுத்தாயிற்று என்று ஊழியர் அறிவித்த பிறகும் மாத்திரை போடுவது தேவ அதிகாரத்துக்கு அடங்காமை’ என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் நிறுத்திவிட்டாள். காலில் பட்ட சின்னக் காயம் ஆறாமல் போய், இரண்டு விரல்களை எடுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. ‘நீ ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை?’ என்றேன். ‘கேட்டால் விசுவாசக் குறைவு ஆகிவிடுமே அண்ணே’ என்றாள். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் பவுல். அவருடன் பயணம் செய்த லூக்காவை அவரே ‘பிரியமான வைத்தியன்’ என்கிறார். இந்த வசனங்கள் அவளுக்குத் தெரியும். தெரிந்ததை நினைத்துப் பார்க்கும் உரிமையையே அவள் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டிருந்தாள்.

இங்கேதான் கட்டுரையாளரோடு எனக்குள்ள அடிப்படையான வேறுபாடு. தேவனுக்கு அடங்குவது என்பது ஒருவர் தாமே செய்ய வேண்டிய வேலை. அதை ஆள் வைத்துச் செய்ய முடியாது. யார் சொன்னாலும் அப்படியே செய்கிறேன் என்பவர் மிகவும் தாழ்மையானவராகத் தோன்றுவார். உண்மையில் அவர் தம் தோளில் இருக்க வேண்டிய பாரத்தைப் பிறர் தோளில் ஏற்றிவிட்டு இலகுவாக நடக்கிறார். ‘நம்மில் ஒவ்வொருவனும் தன்னைக்குறித்துத் தேவனுக்குக் கணக்கொப்புவிப்பான்’ என்று ரோமருக்கு எழுதிய நிருபம் சொல்கிறது. அன்று அந்தக் கணக்கில், ‘எங்கள் பாஸ்டர் சொன்னார்’ என்பதை எந்தத் தலைப்பில் எழுதுவது? பவுல் போதித்ததையே, ‘காரியங்கள் இப்படியிருக்கிறதா’ என்று தினந்தோறும் வேதத்தைத் திறந்து சரிபார்த்த பெரோயா ஊரார் அடங்காதவர்கள் என்று பெயர் வாங்கவில்லை, நற்குணசாலிகள் என்று பெயர் வாங்கினார்கள்.

அரசாங்க அதிகாரத்தைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருந்ததில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. அதிகாரிகளுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13 எழுதப்பட்டபோது ரோமாபுரியில் ஆட்சி செய்தவன் கொடுங்கோலன் நீரோ என்பதையும், அதை எழுதிய பவுலே பிலிப்பி பட்டணத்தில் விசாரணையில்லாமல் தம்மை அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகளை, ‘அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும்’ என்று வரவழைத்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

அதைவிட அருகில், நம் மண்ணிலேயே ஒரு சாட்சி இருக்கும்போது கட்டுரையாளர் ஏன் தொலைதூர உதாரணங்களைத் தேடினார் என்று தெரியவில்லை. தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகப் போனால், அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோ உயிர்நீத்த ஓரியூர். நான் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவன். புனிதர் வணக்கம் எங்கள் வழக்கத்தில் இல்லை. ஆனால் அருளானந்தர் பெயரில் இவ்வூரில் இருக்கும் பள்ளியில் படித்தவன் என்பதால், அவர் வாழ்க்கை எனக்குப் பாடப்புத்தகத்துக்கு முன்பே தெரியும். 1647ஆம் ஆண்டில் லிஸ்பனில் பிறந்து, சிறுவயதில் போர்த்துக்கல் அரண்மனையில் இளவரசருக்குத் துணையாக வளர்ந்து, கத்தோலிக்கத் துறவியர் அமைப்பான இயேசு சபையில் சேர்ந்து, காவியுடுத்திய தமிழ்ப் பண்டாரசுவாமியாக மறவர் சீமைக்கு வந்தவர் ஜான் டி பிரிட்டோ. 1686ஆம் ஆண்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்ட அவரை, மறவர் சீமையின் அரசர் கிழவன் சேதுபதி நேரில் விசாரித்து உயிரோடு விட்டார். தம் நாட்டில் இனிப் போதிக்கக் கூடாது என்று கட்டளையும் இட்டார். இயேசு சபையின் தலைவர்கள் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள், போனார். அங்கே அவருடைய பழைய தோழர் அரசராக இருந்தார். லிஸ்பனிலேயே தங்கிவிடும்படி வற்புறுத்தினார். அதற்கு மட்டும் இணங்கவில்லை. திரும்பி வந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டுண்டு இறந்தார்.

இந்த வாழ்க்கையில் எத்தனை அதிகாரங்கள் வந்து போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். சபைத் தலைவர்கள் ஓர் அதிகாரம், போர்த்துக்கல் அரசர் ஓர் அதிகாரம், சேதுபதி ஓர் அதிகாரம். யாரையும் அவர் ஏளனம் செய்யவில்லை. சேதுபதிக்கு எதிராகப் படை திரட்டவில்லை, தண்டனையிலிருந்து தப்பி ஓடவுமில்லை. ஒருவருக்குப் பணிந்தார், ஒருவருக்கு மறுத்தார், ஒருவருடைய வாளுக்குக் கழுத்தைக் கொடுத்தார். எந்த இடத்தில் எதைச் செய்வது என்பதை அவருக்காக வேறு யாரும் முடிவு செய்து கொடுத்திருக்க முடியாது. ‘மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது’ என்று பேதுரு ஆலோசனைச் சங்கத்தின் முன் சொன்னாரே, அது அதிகாரத்தை உதறிய சொல் அன்று. அதற்கான விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தவரின் சொல். அதைச் சொன்ன அன்றே அவரும் மற்ற அப்போஸ்தலரும் அடியும் வாங்கினார்கள்.

ஓரியூர்க் கதையில் எனக்கு நெடுநாளாக ஓர் உறுத்தலும் உண்டு. ஞானஸ்நானம் பெறுவதற்காக, மறவர் சீமையின் இளவரசன் தடியத் தேவன் தன் மனைவியரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினான். விலக்கப்பட்டவர்களில் சேதுபதியின் உறவுப் பெண் ஒருத்தியும் இருந்தாள். அவள் போய் முறையிட்டதே அருளானந்தரின் மரண தண்டனைக்கு வழி திறந்தது. நாம் அவளை வில்லியாக்கிவிட்டுக் கடந்துபோகிறோம். ஒருவனுடைய கீழ்ப்படிதலுக்கு, அதில் எந்தப் பங்கும் இல்லாத பெண்கள் வீட்டைவிட்டுப் போய் விலை கொடுத்தார்கள் என்பதைப் பற்றி நான் கேட்ட எந்தப் பிரசங்கத்திலும் ஒரு வார்த்தை இல்லை. நம் வீடுகளிலும் ‘அடங்குதல்’ என்றதும் எல்லாருடைய கண்களும் பெண்கள் பக்கம்தானே திரும்புகின்றன? எபேசியர் 5ஆம் அதிகாரத்தில் ‘மனைவிகளே’ என்று தொடங்கும் 22ஆம் வசனத்துக்கு மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் தனி வினைச்சொல்லே கிடையாது; ‘ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்’ என்ற முந்தின வசனத்தின் வினையைத்தான் அது கடன் வாங்கிக்கொள்கிறது. கடன் கொடுத்தவரை மறந்துவிட்டுக் கடனை மட்டும் வசூலிக்கிறோம்.

கேள்வி கேட்பதே அடங்காமை என்று சொல்லும் கட்டுரையாளருக்கு மரியாளை நினைவூட்ட விரும்புகிறேன். தேவதூதன் செய்தி சொன்னதும் அவள் கேட்டது, ‘இது எப்படியாகும்?’ என்பது. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகே, ‘இதோ, நான் ஆண்டவருக்கு அடிமை, உமது வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது’ என்கிறாள். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும், துன்பத்தின் பாத்திரம் நீங்கும்படி ஒரு முறை கேட்டுவிட்டு நிறுத்தவில்லை. மூன்று முறை போய் ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். ‘என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது’ என்ற வாக்கியத்தின் எடையே, அவருக்கென்று ஒரு சித்தம் இருந்தது, அதை அவர் மறைக்காமல் பிதாவிடம் சொன்னார் என்பதில்தான் இருக்கிறது. சித்தமே இல்லாதவனிடம் கீழ்ப்படிதலை எதிர்பார்க்க முடியாது.

நகரத்தார் வீடுகளில் ‘வேறு வைத்தல்’ என்று ஒரு வழக்கம் உண்டு என்பதை வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மகனுக்குத் திருமணமானதும், அதே பெரிய வீட்டுக்குள்ளேயே அவனுக்குத் தனி அடுப்பும் தனிச் செலவுக் கணக்கும் வைத்துவிடுவார்கள். முற்றம் ஒன்று, கூரை ஒன்று, பெற்றோரிடம் மரியாதை ஒன்று. உலையில் எவ்வளவு அரிசி போடுவது என்பது மட்டும் அவரவர் பொறுப்பு. பிரித்துவைத்ததால் குடும்பம் உடைந்துவிட்டது என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. சபையையும் மனச்சாட்சியையும் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முற்றம் சூழ்ந்த அந்த வளவுகளின் வரிசை அடுப்புகள் நினைவுக்கு வருகின்றன.

கட்டுரையாளர் நல்ல நோக்கத்துடனேயே எழுதியிருப்பார் என்று நம்புகிறேன். ஊழியர்களை மதியாமல், நினைத்ததற்கெல்லாம் சபையைப் பிளந்துகொண்டு போகிறவர்களைக் கண்டு அவர் சலித்திருக்கலாம். அந்தச் சலிப்பில் எனக்கும் பங்குண்டு. ஆனாலும் தங்கள் நாளிதழ் வீடுதோறும் போகிறது. மாத்திரையை நிறுத்தச் சொல்லப்பட்ட ஒரு பெண்ணும், கணக்குக் கேட்டு அதட்டப்பட்ட ஒரு வாலிபனும் அந்தக் கட்டுரையை வாசித்திருக்கக்கூடும். அவர்களை முன்னிட்டாவது, இந்தக் கடிதத்தையும் அதே பக்கத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். பொருளாளர் பொறுப்பிலிருந்து விலகிய ஆண்டில், அந்தக் கூரை வேலையின் செலவை நினைவிலிருந்தும் பழைய நாட்குறிப்பிலிருந்தும் திரட்டி, ஓட்டுக்கு இவ்வளவு, கொத்தனார் கூலி இவ்வளவு, ஆதாரம் இல்லாத தொகை இவ்வளவு என்று ஒரு முழுத்தாளில் எழுதி, கையெழுத்திட்டு, கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ஆதாரம் இல்லாத தொகையை என் கையிலிருந்து கட்டிவிட்டதையும் கீழே குறித்திருந்தேன். அந்த வாலிபன் இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான். நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை, வரவேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையும் எனக்கில்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு அவனுடைய தாயார் மட்டும் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றும், வாசித்துச் சொல்லும்படியும் கேட்டார். முதல் வரியிலிருந்து கடைசித் தொகை வரை சத்தமாக வாசித்தேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தேவகோட்டை.
(பெயரை வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்.)